பள்ளம் மூடப்படும் முன்பே

பருவமழை தொடங்கும் முன் தோண்டுவதைத் தோண்டி முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், நாடெங்கும் மாநகரங்களில் மின்புதைவடப் பணிகள் நடைபெறுகின்றன. தலைக்கு மேல் தொங்கும் கம்பிகளை நிலத்துக்கடியில் கொண்டுசெல்வது வரவேற்கத்தக்க பணியே. 2023 நவம்பரில் பெங்களூரின் ஒயிட்ஃபீல்டு பகுதியில், நடைபாதையில் அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்த தாயும் கைக்குழந்தையும் மாண்டதை நாடு மறந்துவிடவில்லை. புதைவடம் முறையாக அமைந்தால் இத்தகைய சாவுகள் குறையும். புயலுக்கும் மரம் முறிந்து விழுவதற்கும் மின்வழங்கல் தாக்குப்பிடிக்கும். ஆனால், தோண்டிய பள்ளத்தில் எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு இடைவெளியில் கேபிள் வைக்கப்படுகிறது, அதன்மேல் எந்த மண் எவ்வாறு நிரப்பப்படுகிறது, அதை யார் நின்று பார்க்கிறார்கள் என்ற கேள்விகளை எவரும் எழுப்புவதில்லை. சாலையில் தாரும் நடைபாதையில் பேவர் பிளாக்கும் ஏறிவிட்டால், பிறகு கேட்டும் பயனில்லை.

இப்பணிகளில் புழங்கும் பணம் சிறிதல்ல. 2014இல் அறிவிக்கப்பட்ட ஒருங்கிணைந்த மின்மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் வாரணாசியின் பழைய நகரத் தெருக்கள் தோண்டப்பட்டன. 2021இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்தின் மொத்த மதிப்பு 3,03,758 கோடி ரூபாய். அதில் ஒன்றிய அரசின் பங்கு 97,631 கோடி ரூபாய். இந்நிதியைப் பெறுவதற்கு மாநிலங்கள் மீது சுமத்தப்படும் நிபந்தனைகளில் முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர் முதன்மையானது. திட்டத்தின் முன்னேற்றம் குறித்து அமைச்சர்கள் பேசும்போதெல்லாம் பொருத்தப்பட்ட மீட்டர்களின் எண்ணிக்கையும் இழப்பு விழுக்காடும் மட்டுமே பேசப்படுகின்றன. புதைக்கப்பட்ட கேபிள் எத்தனை ஆண்டு தாங்கும் என்பது எந்த உரையிலும் இடம்பெறுவதில்லை.

எப்படிப் புதைக்க வேண்டும் என்பதில் குழப்பம் எதுவும் கிடையாது. 33 கிலோவோல்ட் வரையிலான மின்கேபிள்களை அமைப்பதற்கு இந்தியத் தர நிறுவனம் 1983இலேயே ஐஎஸ் 1255 என்ற நெறிமுறையை வகுத்துவிட்டது. தாழ்வழுத்தக் கேபிள் முக்கால் மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். 11 கிலோவோல்ட் வரை 90 சென்டிமீட்டர். 22, 33 கிலோவோல்ட் கேபிள்களுக்கு 1.05 மீட்டர், சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களில் ஒரு மீட்டர். தகவல்தொடர்புக் கேபிளுக்கும் மின்கேபிளுக்கும் இடையில் 30 சென்டிமீட்டர், குடிநீர் அல்லது எரிவாயுக் குழாய்க்கும் மின்கேபிளுக்கும் இடையில் அதே அளவு இருக்க வேண்டும். கேபிளுக்குக் கீழும் மேலும் சலித்த மணலோ சலித்த மண்ணோ மெத்தைபோல் பரப்பி, அதன்மேல் செங்கல்லோ கான்கிரீட் பலகையோ அடுக்கி, அதற்கு மேல்தான் தோண்டிய மண்ணைப் போட வேண்டும். அதையும் ஒரே மூச்சில் கொட்டிவிடக் கூடாது. கல், கண்ணாடி, இடிபாடு இல்லாத மண்ணை ஓரடிக்கு மிகாத அடுக்குகளாகப் போட்டு, தேவையானால் நீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் திமிசு போட்டு இறுக்க வேண்டும் என்று மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு சொல்கிறது. பிற்பாடு மண் அமிழும் என்பதைக் கணக்கிட்டு, பள்ளத்தின் நடுவில் 5 முதல் 10 சென்டிமீட்டர் மேடு விட வேண்டும் என்றும் அதில் உண்டு. பழைய கேபிள் பிரிவுத் தொழிலாளர்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம்.

இந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் உறுதியான காரணம் உண்டு. கேபிளில் மின்சாரம் பாயும்போது கடத்தி சூடாகிறது. மின்னோட்டம் பத்து விழுக்காடு கூடினால் வெப்பம் இருபத்தொரு விழுக்காடு கூடும். இருபது விழுக்காடு கூடினால் நாற்பத்து நான்கு. திறந்தவெளிக் கம்பியைக் காற்று குளிரவைக்கிறது. புதைத்த கேபிளுக்கு மண்தான் காற்று. அந்த மண் ஈரமாகவும் இறுக்கமாகவும் இருந்தால் வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போகும். துகள்களுக்கு இடையில் வெற்றிடம் இருந்தால், அங்கே நிற்கும் காற்று போர்வையாக மாறி வெப்பத்தை உள்ளேயே நிறுத்திவிடும். பி.வி.சி. காப்புள்ள கேபிளின் கடத்தி 70 பாகைக்கு மேலும், எக்ஸ்.எல்.பி.இ. காப்புள்ளது 90 பாகைக்கு மேலும் தொடர்ந்து சூடாகக் கூடாது. இந்த வரம்பை எட்டிப் பத்துப் பாகை தாண்டினால் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்பொறியாளர்களின் அனுபவக் கணக்கு.

தார்ச்சாலையும் கான்கிரீட் நடைபாதையும் இந்தச் சிக்கலை இரட்டிப்பாக்குகின்றன. மேற்பரப்பை மூடிவிட்டால் மழைநீர் கீழிறங்குவதில்லை. கேபிளின் சூடு தன்னைச் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தை மெல்ல மெல்ல விரட்டுகிறது. காய்ந்த மண் வெப்பத்தைக் கடத்தாது. ஆகவே கேபிள் மேலும் சூடாகி, மண் மேலும் காய்கிறது. இந்தியக் கேபிள் உற்பத்தியாளர்களின் அட்டவணைகள் நிலத்தின் வெப்பநிலை 30 பாகை என்றும், மண்ணின் வெப்பத்தடை குறிப்பிட்ட ஓர் அளவு என்றும் வைத்துக்கொண்டே சுமைத்திறனைக் குறிக்கின்றன. ஒரே அளவுத் துகள்களாலான மணல் முற்றிலும் காய்ந்தால் அதன் வெப்பத்தடை அந்த அளவைப் போல் இருமடங்கையும் தாண்டும். கேபிளைச் சுற்றி மணல் போட்டோம் என்று ஒப்பந்ததாரர் சொன்னால் அது போதுமான பதில் அல்ல. பருமணலும் நுண்மணலும் கலந்து, இடைவெளியின்றி இறுகும் மணலா என்று கேட்க வேண்டும். சுமை கூடிய வழித்தடங்களில் மணலுடன் சிறிதளவு சிமெண்ட் கலந்து நிரப்புவதும் வழக்கத்தில் உள்ள முறைதான்.

இடைவெளி பற்றிய விதியும் இவ்வாறானதே. இரண்டு மின்கேபிள்களுக்கு இடையில் கட்டாய இடைவெளி எதையும் ஐஎஸ் 1255 விதிக்கவில்லை. இடைவெளி கூடக்கூடச் சுமைத்திறன் கூடும் என்று மட்டும் சொல்கிறது. இந்தச் சலுகையைத்தான் ஒப்பந்த நிறுவனங்கள் பிடித்துக்கொள்கின்றன. ஆறு கேபிள்களை ஒட்டி வைத்தால் பள்ளம் குறுகும், தோண்டும் செலவு குறையும். ஆனால் ஒன்றின் வெப்பம் மற்றொன்றைச் சுட்டு, ஆறும் தத்தம் திறனில் பெரும்பகுதியை இழக்கும். குழாய்களில் செலுத்தப்படும் கேபிள்களுக்கு நிலைமை இன்னும் மோசம். குழாய்க்குள் காற்று இருப்பதால், நேரடியாக மண்ணில் புதைத்ததைவிட அவற்றின் திறன் முதலிலேயே குறைவு. குழாய்களை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால், அவற்றின் அடிப்பக்க வளைவுக்குள் மண்ணும் புகாது, திமிசும் எட்டாது. நான்கு விரல் இடைவெளியாவது விட்டுத் தடுப்பான்கள் வைத்து அடுக்கினால்தான் நிரப்பும் மண் எல்லாப் பக்கமும் சென்று இறுகும். இல்லையேல் அந்த வெற்றிடத்துக்குள் மழைநீர் வழி தேடும். மேலே இருக்கும் மண்ணை அது அரித்துக்கொண்டு இறங்கும். சாலை அமிழும். லாரி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சுமை குழாயின் மீது விழும். அந்தப் பள்ளத்தில் இரவு நேரத்தில் இருசக்கர வாகனத்தோடு விழுபவர், வேலை முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியாகவே பெரும்பாலும் இருக்கிறார்.

மண்ணையும் வெப்பத்தையும் பற்றிய இந்தக் கணக்கைப் புறக்கணித்தால் ஒரு மாநகரமே முடங்கக்கூடும் என்பதற்கு நியூசிலாந்தின் ஆக்லாந்து சான்று. 1990களின் சந்தைச் சீர்திருத்தத்தில் அந்நாட்டின் உள்ளூர் மின்வாரியங்கள் வணிக நிறுவனங்களாக மாற்றப்பட்டன. அப்படி உருவான மெர்குரி எனர்ஜி நிறுவனம், ஆக்லாந்தின் மையப் பகுதிக்கு நான்கு உயரழுத்தப் புதைவடங்கள் வழியே மின்சாரம் வழங்கியது. 1998இன் கோடையில், ஜனவரி இறுதியில் முதலாவது பழுதானது. அதன் சுமை மற்றவை மீது ஏறியது. பிப்ரவரி 20க்குள் நான்கும் அடுத்தடுத்து வீழ்ந்தன. நகர மையம் ஏறத்தாழ ஐந்து வாரம் மின்சாரமின்றித் தவித்தது. கேபிள்களைச் சுற்றியிருந்த மண், வடிவமைப்பில் எதிர்பார்த்த அளவுக்கு வெப்பத்தைக் கடத்தவில்லை. காகிதத்தில் காட்டிய சுமைத்திறன் மண்ணுக்குள் இருக்கவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. தெற்குத் தீவுகளின் மிதமான கோடைக்கே இந்த நிலை என்றால், மே மாதத்து டெல்லியை எண்ணிப் பார்க்கலாம். 2024 மே 30 அன்று இந்தியாவின் மின்தேவை 250 கிகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அந்தச் சுமையின் கணிசமான பகுதி, கொதிக்கும் தாருக்கு அடியில், யாரும் அளந்து பார்க்காத மண்ணுக்குள் இருக்கும் கேபிள்கள் மீதுதான் ஏறியது.

விதி தெரிந்தும் மீறப்படுவது ஏன்? பொறியாளர்களின் அறியாமையால் அல்ல. பணி ஒப்படைக்கப்படும் முறையிலேயே இதற்கான விடை உள்ளது. மிகக் குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவருக்கு ஒப்பந்தம், அவர் தமக்கு ஒரு பங்கை வைத்துக்கொண்டு உள்ஒப்பந்ததாரருக்குத் தருகிறார், அவரிடமிருந்து மேஸ்திரிக்கு. கடைசியில் மால்டாவிலிருந்தோ புந்தேல்கண்டிலிருந்தோ குடும்பத்தோடு வந்து சாலையோரத்திலேயே தங்கும் தொழிலாளிக்கு மீட்டர் கணக்கில் கூலி. தோண்டிய மீட்டருக்குத்தான் காசு. அடுக்கடுக்காகத் திமிசு போடும் நேரத்துக்குக் கூலி இல்லை. மணல் விலை ஏறியிருக்கிறது. மூடிய பின் மணல் தெரியாது. ஆழத்தில் பத்துச் சென்டிமீட்டர் குறைத்தால் கிலோமீட்டருக்கு எத்தனை கன மீட்டர் தோண்டல் மிச்சமாகும் என்ற கணக்கு மட்டும் ஒவ்வோர் ஒப்பந்ததாரருக்கும் மனப்பாடம். ஜே.சி.பி. ஒரே தள்ளில் மண்ணையும் இடிபாட்டையும் சேர்த்துப் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டுப் போகிறது. அளவுப் புத்தகத்தில் ஆழமும் மணலும் செங்கல்லும் விதிப்படி எழுதப்படுகின்றன. மறைந்துபோகும் வேலையை மறைவதற்கு முன் அளக்க வேண்டும் என்பது பொதுப்பணியின் பழைய நெறி. அளப்பதற்கு ஆள் இருந்தால்தானே அது நடக்கும்?

மாநில மின்வாரியங்களில் கேபிள் பிரிவுகள் ஒருகாலத்தில் நிரந்தரத் தொழிலாளர்களைக் கொண்டிருந்தன. எந்தத் தெருவில் எந்த ஆண்டு எந்தக் கேபிள் போட்டது, எங்கே ஜாயிண்ட் இருக்கிறது என்பதைக் கேபிள் ஜாயிண்டர்கள் நினைவிலேயே வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்றோரின் இடங்கள் நிரப்பப்படாமல் விடப்பட்டு, அந்த அறிவு வெளியேறியது. இப்போது வரைபடமும் இல்லை, வரைபடமாக வாழ்ந்த தொழிலாளியும் இல்லை. ஆகவே புதிய பள்ளம் தோண்டுபவரின் கடப்பாரை பழைய கேபிளில் பாய்கிறது. அவர் கையில் ரப்பர் உறை இல்லை. பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர் இறந்தால் முதன்மை நிறுவனம் உள்ஒப்பந்ததாரரைக் கைகாட்டும். ஒப்பந்ததாரரின் தொழிலாளி விபத்துக்குள்ளானால் முதன்மை வேலையளிப்பவரே இழப்பீடு தர வேண்டும் என்பது பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், 1923இல் இயற்றப்பட்ட சட்டத்தின் 12ஆவது பிரிவிலேயே சொல்லப்பட்டுவிட்டது. நூறாண்டு கடந்தும் அதைக் கேட்டுப் பெறுவதற்குப் போராட வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970இல் இருபது பேருக்கு மேல் அமர்த்துபவரைக் கட்டுப்படுத்தியது. மோடி அரசு 2020இல் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை ஐம்பதாக உயர்த்தியது. கேபிள் பள்ளம் தோண்டும் குழுக்களில் ஐம்பது பேர் இருப்பது அரிது. எவருக்காக இந்த விலக்கு என்பதை விளக்கத் தேவையில்லை.

பொதுமக்களும் இதற்குப் பலியாகிறார்கள். அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி மடிவதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. அவர்களில் புதைவடத்தால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த அறிக்கைகள் பிரித்துச் சொல்வதில்லை. 2017 நவம்பர் முதல் நாளில் சென்னை கொடுங்கையூரில் மழைநீரில் விளையாடச் சென்ற இரு சிறுமிகள், மண்ணுக்கு மேலே தெரிந்துகொண்டிருந்த கேபிளால் உயிரிழந்தனர். 2025 செப்டம்பரில் கொல்கத்தாவை மூழ்கடித்த மழையில் பலர் மின்சாரம் தாக்கி இறந்தபோது, தெருவிளக்குக் கம்பம் யாருடையது, உள்வயரிங் யாருடையது என்ற தகராறே முன்னுக்கு வந்தது. மின்வழங்கல் தனியார் கையில், கம்பம் மாநகராட்சியின் கையில், சாலை வேறொரு துறையின் கையில் என்று பிரிந்துகிடக்கும் நகரத்தில், இறந்தவரின் குடும்பம் எந்தக் கதவைத் தட்டுவது?

இப்படிப் பொறுப்பைப் பிரித்துப் போடுவதையே கொள்கையாக்க ஒன்றிய அரசு துடிக்கிறது. 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் அறிமுகப்படுத்தப்பட்ட மின்சாரத் திருத்த மசோதா, ஒரே பகுதியில் பல விநியோக நிறுவனங்கள் ஏற்கெனவே உள்ள கட்டமைப்பைப் பயன்படுத்தி மின்சாரம் விற்க வழிகோலியது. மின்ஊழியர்களின் எதிர்ப்பால் அன்று அது நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டாலும், அதே நோக்கம் புதிய வடிவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பள்ளம் தோண்டிக் கேபிள் புதைத்துப் பராமரிப்பது பொதுத்துறையின் செலவு. அதன் வழியே வசதியான வாடிக்கையாளருக்கு விற்றுக் கிடைக்கும் லாபம் தனியாருக்கு. தனக்குச் சொந்தமில்லாத கேபிளைச் சுற்றியுள்ள மணலைப் பற்றி எந்த விற்பனையாளர் கவலைப்படுவார்? சுமையை ஏற்றுவதில் மட்டும் ஐவரும் போட்டியிடுவார்கள். ஒடிசாவின் மின்விநியோகம் 1999இல் தனியாருக்குக் கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பெரும்புயல் வந்து கட்டமைப்பைச் சாய்த்தது. நடு மண்டலத்தை ஏற்றிருந்த அமெரிக்காவின் ஏஇஎஸ் நிறுவனம் 2001இல் பொறுப்பைக் கைவிட்டு வெளியேறியது. இவ்வளவு பட்டறிவுக்குப் பிறகும் 2025 பிப்ரவரியில் சண்டிகரின் மின்விநியோகம் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

தோண்டும் துறைகளை ஒருங்கிணைக்க 2023 மார்ச்சில் பிரதமர் ஒரு கைப்பேசிச் செயலியைத் தொடங்கிவைத்தார். தோண்டுவதற்கு முன் மற்ற துறைகளிடம் கேட்டறிய அது உதவும் என்பது அரசின் வாதம். கெட்ட யோசனை அல்ல. ஆனால் கேட்பதற்கு மறுமுனையில் சரியான வரைபடம் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் செயலி வெறும் கைப்பேசி அலங்காரம். நகர்ப்புறச் சாலைகளில் குழாய், கேபிள் முதலியவற்றை எங்கே எப்படி அமைப்பது என்பதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 98 வழிகாட்டுதல் உள்ளது. பெங்களூரின் மையப் பகுதியில் டெண்டர் ஷ்யூர் என்ற பெயரில் சீரமைக்கப்பட்ட சாலைகளில் நடைபாதைக்கடியில் தனித்தனிக் குழாய்த் தடங்கள் அமைக்கப்பட்டன. செய்ய முடியும் என்பதை அவை காட்டுகின்றன. பணக்காரர்களின் கடைவீதிகளில் செய்யப்பட்டது, தொழிலாளர் குடியிருப்புகளில் ஏன் செய்யப்படவில்லை என்பதே பெங்களூரின் வார்டுகளில் எழுப்பப்பட வேண்டிய கேள்வி.

சட்டம் மக்களின் பக்கம் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 67ஆவது பிரிவில், சாலையைத் தோண்டும் உரிமதாரர் இயன்ற அளவு குறைந்த சேதமும் இடையூறும் விளைவிக்க வேண்டும், விளைந்த சேதத்துக்கு முழு இழப்பீடு தர வேண்டும் என்று கூறுகிறது. அமிழ்ந்த சாலைக்கு மாநகராட்சி தன் பணத்தில் ஒட்டுப்போட வேண்டியதில்லை, தோண்டியவரிடம் வசூலிக்கலாம். மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒப்பந்த ஆவணத்தையும் அளவுப் புத்தகத்தின் நகலையும் எந்தக் குடிமகனும் கேட்டுப் பெறலாம். பணியிடத்தை நேரில் ஆய்வுசெய்யவும், பயன்படுத்தும் பொருளின் மாதிரியைப் பெறவும்கூட அச்சட்டம் உரிமை தருகிறது.

ஆகவே, இந்தப் பருவத்தில் கேபிள் பணி நடக்கும் ஒவ்வொரு வார்டிலும் கட்சிக் கிளைகள் செய்ய வேண்டியது தெளிவானது. பள்ளம் திறந்திருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். அளவுநாடா ஒன்று போதும்: ஆழம், குழாய்களுக்கு இடையிலான தூரம், குடிநீர்க் குழாயிலிருந்து உள்ள தூரம் ஆகியவற்றை அளந்து, தேதியுடன் படமெடுத்து வார்டு அலுவலகத்தில் பதிவுசெய்யலாம். எந்தப் பள்ளமும் மின்வாரியப் பொறியாளர், வார்டுப் பிரதிநிதி ஆகியோரின் கூட்டு ஆய்வுக்குப் பின்னரே மூடப்பட வேண்டும் என்று மாமன்றங்களில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். மண் நிரப்பி இறுக்கும் வேலைக்கு ஒப்பந்தத்தில் தனி இனமும் தனிக் கூலியும் ஒதுக்கப்பட வேண்டும். அந்தக் கூலி மேஸ்திரியைத் தாண்டித் தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். சாலை அமிழ்ந்தால் திருத்தும் பொறுப்பு இரண்டு மழைக்காலங்களுக்காவது ஒப்பந்ததாரரிடம் இருக்க வேண்டும், அதுவரை வைப்புத் தொகை திருப்பித் தரப்படக் கூடாது. கேபிள் பிரிவுகளின் காலியிடங்கள் நிரந்தரப் பணியாளர்களால் நிரப்பப்பட வேண்டும். பல்லாண்டு ஒப்பந்தத்தில் இதே வேலையைச் செய்துவரும் தொழிலாளர்களுக்கே முதல் உரிமை.

பள்ளத்துக்குள் நிற்கும் தொழிலாளியோடு பேசுவதை இவற்றில் எதற்கும் பின்தள்ளக் கூடாது. எந்த இடத்தில் மணல் போடப்படவில்லை, எங்கே பழைய கேபிள் உரசிக்கொண்டு போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். ஊர்விட்டு ஊர் வந்து, அந்தந்த ஊர் மொழி தெரியாமல், எந்தச் சங்கத்திலும் இல்லாமல் இருக்கும் அவரை அணுகுவது எளிதல்ல. மும்பையிலும் டெல்லியிலும் பெங்களூரிலும் வாழும் தமிழ்த் தோழர்களின் மூத்த தலைமுறை அதே நிலையில் சாலைப் பணிகளுக்கு வந்து சேர்ந்தவர்கள்தான். அந்தத் தோழர்கள் மால்டாக்காரரிடமும் புந்தேல்கண்டுக்காரரிடமும் முதல் பேச்சைத் தொடங்க வேண்டும். மாலையில் பள்ளம் மூடப்படும் முன்பே தொடங்க வேண்டும்.